எட்டு விநாடி

வேன் களனிப் பாலத்தடியோடு நின்றுவிட்டது.
கூரைத்தட்டு மட்டும் வானத்தைப் பார்த்தபடி.
அப்பால் வீதி இல்லை,
வீதி என்று நேற்றுவரை நாங்கள் நம்பியிருந்த இடத்தில் தண்ணீர்.
பியசிறி பிரேக்கை இழுத்து
"இனி உன்ர முதுகுதான்" என்றான்,
தனக்குத் தெரிந்த தமிழில்.

முதுகுப்பையில் ஆறு சிம்.
மூன்று கம்பனி, கம்பனிக்கு இரண்டு.
விளம்பரப் பலகைகளில் முறைத்துக்கொள்பவர்கள்
என் தோளில் மட்டும் ஒற்றுமையாய்ச் சூடாவார்கள்.
யசோதினி மைக்கோடு நின்று வாய் திறந்ததும்
பெட்டி அவளை அரியத் தொடங்கும்.
நெற்றியை ஒருவன் கொண்டு ஓடுவான்,
வணக்கத்தின் முதற்பாதியை இன்னொருவன்,
பின்னால் மிதக்கும் காஸ் சிலிண்டரை
யார் கையில் இடமிருக்கிறதோ அவன்.
ஆறு வழியாலும் போய்
நிலையத்தில், டெல்ரினின் மேசையில்,
மறுபடி ஒரு முகமாக வேண்டும்.
வழியில் ஒருவன் தவறவிட்டதை
மற்றவன் திரும்பக் கொண்டுபோக
இரண்டு விநாடி அவகாசம்.
ஆக, மூலையில் சிவப்பாய் 'நேரலை' என்று எரிவது
எப்போதும் கொஞ்சம் பழைய உலகம்தான்.

டயர் டியூப் நாலின்மேல் பலகை கட்டியிருந்தார்கள்.
அதில் போனோம், வெல்லம்பிட்டிக்குள்.
கமராவுக்குக் குடை, பற்றரிக்குப் பொலித்தீன்,
எங்களுக்கு ஒன்றுமில்லை.

இந்தத் தொழிலில் ஒரு பகிடி உண்டு.
எங்கே ஒன்றும் நடக்கவில்லையோ
அங்கே சிக்னல் கொழுத்துக் கிடக்கும்.
ஆளில்லாத மதியத்தில் காலிமுகத்திடல் காகத்தை
இறகு இறகாய் அனுப்பலாம்.
எங்கே ஒரு தெருவே மொட்டைமாடியில் ஏறி
கட்டுநாயக்காவுக்கும் கட்டாருக்கும்
ஒரே நேரத்தில் போன் எடுக்கிறதோ
அங்கே கோபுரம் மூச்சு வாங்கும்.
அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.
ஆறு கையால் இடித்துக்கொண்டு.
யாருடைய "நாங்க இருக்கிறோம்"
எனக்காக வழிவிட்டு நின்றதோ தெரியாது.

காதுக்குள் டெல்ரின்:
"கட்டம் கட்டமாய் உடையுது. பாலத்துக்கே வா,
அங்க நல்லா வந்தது."
பாலத்தில் சிக்னல் இருந்தது.
வெள்ளம் இருக்கவில்லை.

அப்போதுதான் இரண்டாம் மாடிக் கம்பிக்குப் பின்னாலிருந்து
ஒரு பெண் கேட்டார், கடைக்காரர் விலை சொல்கிற குரலில்:
"வைஃபை வேணுமா? இன்வேர்ட்டர்ல ஓடுது.
கேபிள் மேலால வாறதால தண்ணி தொடல்ல."
பாஸ்வேர்ட்?
"இனிவராது."
என்ன வராது?
"அதுதான் பாஸ்வேர்ட். இங்கிலீசு எழுத்தில, சேர்த்து அடிங்க.
போன வெள்ளம் வடிஞ்ச கிழமை மகன் வச்சது."
சிரிக்கலாமா என்று நான் பார்ப்பதற்குள்
நஸ்லியா ராத்தாவே சிரித்தார்.

டெல்ரின் தாமதத்தை எட்டு விநாடிக்கு நீட்டினாள்.
படம் நின்றது, உடையாமல், பளிச்சென்று.
யசோதினி பேசினாள்.
கேள்வி வந்து சேரும்வரை
எல்லாம் விளங்கியவள்போல் தலையாட்டினாள்.
மேலே ராத்தா கையசைத்தார்,
வாசலில் மிதந்த தன் சிவப்புக் கதிரையைக் காட்டினார்.
கதிரை ஒரு தரம் சுழன்று
மதிலைத் தாண்டி
ஆற்றின் பக்கம் போயிற்று.

"யாரோ லைனை இழுக்கினம்," டெல்ரின் கத்தினாள்,
"பாதி போகுது, ஆரெண்டு பார்!"

பார்த்தேன்.
ராத்தா கையில் போன், ஒலி முழுதாய்த் திறந்து,
யசோதினியின் குரல் மேலிருந்து
பிந்திப் பிந்தி விழுந்தது.
தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
அதில் கதிரை இன்னும் வாசலிலேயே இருந்தது.

"ஒருத்தரும் இல்லை" என்றேன் டெல்ரினிடம்.